பிள்ளையின் தசை வலுவிழக்கிறதா? பினாங்குக் குடும்பங்களுக்கு 12 குறிப்புகள்

டுச்சேன் தசைச் சிதைவு, ஏறக்குறைய ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் மரபணு நோய். தசை இழைகளைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாகாததால், தசை கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் நல்ல கவனிப்பு கிடைத்தால், இன்று பலர் முப்பது வயதையும் தாண்டி வாழ்கிறார்கள்.

1. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பையன் அடிக்கடி விழுகிறானா, நுனிக்காலில் நடக்கிறானா, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுகிறானா என்று பாருங்கள். கெண்டைக்கால் பெருத்திருப்பதைப் புஷ்டி என்று நினைக்காதீர்கள். "சோம்பேறி" என்று திட்டவும் வேண்டாம்.

2. மருத்துவரிடம் 'சி.கே.' இரத்தப் பரிசோதனை கேளுங்கள். இந்நோயில் அந்த அளவு பல மடங்கு ஏறியிருக்கும். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும்கூட உயரும். அவை தசையிலிருந்தும் வருபவை. கல்லீரல் கோளாறு என்று எண்ணி மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

3. சி.கே. கூடுதலாக இருந்தால் மரபணுப் பரிசோதனைதான் நோயை உறுதிசெய்யும். சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குச் செல்லுங்கள்.

4. தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு மரபணு மாற்றம் புதிதாகத் தோன்றுகிறது. சொந்தத்தில் மணம் முடிக்காத வீட்டிலும் இது வரும். தாய், அக்கா, தங்கை, சித்தி ஆகியோர் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. மாறிய மரபணு உள்ள பெண்களுக்கு இதயம் பலவீனமாகலாம். அவர்களும் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

5. வேறு வகைத் தசைச் சிதைவுகளும் உண்டு. அவற்றில் சில பெண்களுக்கும் வரும், இருபது வயதுக்குப் பிறகும் தொடங்கும். உறவுமுறைத் திருமணம் அவற்றில் சிலவற்றின் வாய்ப்பைக் கூட்டும். சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கிய வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் இருவருக்குமே தசைச் சிதைவு இருந்தது.

6. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. தொடங்குவதற்கு முன்பே சின்னம்மைத் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

7. ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். எடை கூடினால் வலுவிழந்த கால்களுக்குச் சுமை. நாசி கண்டார் குழம்பு, கிச்சாப், இனிப்புத் தே தாரிக் மூன்றையும் குறையுங்கள்.

8. கணுக்கால், முழங்கால் தசைகளைத் தினமும் மெல்ல நீட்டிவிடுங்கள். முறையைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார். நீச்சல் நல்லது. எடை தூக்கும் பயிற்சியும், அழுத்தி உருவிவிடுவதும் வேண்டாம்.

9. அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தோள் தசை தளர்ந்திருப்பதால் பிள்ளை நழுவி விழும். ஒரு கையை முதுகைச் சுற்றியும் மறு கையைத் தொடைக்கு அடியிலும் வைத்துத் தூக்குங்கள்.

10. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் மாடிப்படி செங்குத்தானது. படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள்; உயரமான கழிப்பறை இருக்கையும் கைப்பிடியும் பொருத்துங்கள். அஞ்சடியில் கடைக்குக் கடை மட்டம் மாறுவதால், சக்கர நாற்காலிக்குக் கழற்றி மாட்டும் சாய்தளம் உதவும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் தேவை. உங்கள் வீடு 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதியில் இருந்தால், வாசற்படியை இடிக்கும் முன் மாநகர் மன்றத்தைக் கேளுங்கள்.

11. ஆண்டுதோறும் இதய எக்கோவும் நுரையீரல் பரிசோதனையும் அவசியம். காலைத் தலைவலி, பகல் தூக்கம் இரண்டும் இரவில் மூச்சு போதவில்லை என்பதற்கான அறிகுறிகள். மயக்க மருந்து தேவைப்படும் சிகிச்சை என்றால் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள்: சக்சினைல்கோலின் ஊசியும், முகரவைக்கும் மயக்க வாயுவும் ஆபத்தானவை. இதை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டையில் எழுதிப் பிள்ளையின் பையில் வையுங்கள்.

12. மருத்துவரின் சான்றுடன் சமூக நலத்துறையில் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வகுப்பறையைக் கீழ்த்தளத்தில் ஒதுக்கும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். படிப்பை நிறுத்த வேண்டாம்.

அற்புத மருந்து என்று யாராவது விற்க வந்தால் ஏமாறாதீர்கள். 2023-இல் அமெரிக்கா அனுமதித்த மரபணு சிகிச்சையும் அற்புதம் அல்ல; அப்போது அதன் விலை 32 லட்சம் டாலர். அதைப் பெற்ற நடக்க இயலாத சிறுவர்கள் இருவர், கல்லீரல் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த நம்பிக்கையில் வீட்டை அடகு வைக்காதீர்கள். அடுத்த இதயப் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள்.