யுக்கா என்னும் பாலைச் செடி

மழை பொய்த்து வளங்குன்றிய நிலத்தைப் பாலை என வழங்குவது தமிழ் மரபு. அந்நிலத்தில் உயிர் வாழ்தல் எளிதன்று. நீர் வேட்கையும் வெயிலின் கொடுமையும் அங்குள்ள உயிர்களை இடைவிடாது சோதிக்கும். எனினும், அச்சோதனையை வென்று, தமக்கும் பிறர்க்கும் பயன்பட வாழும் செடிகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய யுக்கா என்பது. இன்று அஃது உலகின் பல நாடுகளில் தோட்டங்களிலும் வீட்டு அறைகளிலும் வளர்க்கப்படுகின்றது. அதனை வளர்க்க விரும்புவோர் முதற்கண் அதன் பிறந்தகத்தையும் இயல்பையும் அறிதல் வேண்டும். ஒன்றன் இயல்பறியாது அதனைப் பேண முயல்வோர், தம் அன்பினாலேயே அதற்குத் தீங்கு செய்துவிடுதலும் கூடும்.

யுக்கா இனத்தில் ஏறத்தாழ 50 வகைகள் உள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடு, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் வெப்பமும் வறட்சியும் மிக்க பகுதிகள் இதன் தாயகம். நம் நாட்டில் வேலியோரங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் காணப்படும் ஆனைக் கற்றாழை இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் அமெரிக்காவினின்று வந்ததே. கிழங்கு மருந்தாகப் பயன்படும் தண்ணீர்விட்டான் கொடியும் இவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பர் செடிநூல் அறிஞர். சோற்றுக் கற்றாழையோ தோற்றத்தில் ஓரளவு ஒத்ததேயன்றிக் குடும்பத்தால் வேறானது.

யுக்கா என்னும் பெயர் ஒரு மயக்கத்தால் அமைந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடி மக்கள் மரவள்ளியை 'யூகா' என வழங்கினர். கடல் கடந்து வந்த புதிய செடிகளைக் கண்ட ஐரோப்பியர், ஒன்றை மற்றொன்றாக மயங்கி, அப்பெயரை இச்செடிக்கு இட்டனர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1753-ஆம் ஆண்டில் செடிகளுக்கு முறைப்படி பெயர் வகுத்தபோது, அதனையே நிலைபெறச் செய்தார். ஆகவே, மரவள்ளிக்கும் யுக்காவிற்கும் பெயரில் ஒற்றுமை உண்டேயன்றிப் பிறவியில் தொடர்பு இல்லை. யுக்காவின் வேரை மரவள்ளியெனக் கருதி உண்ணலாகாது.

யுக்காவின் இலைகள் வாள் போன்று நீண்டு, தண்டைச் சூழ்ந்து கொத்தாக நிற்கும். பல வகைகளில் இலை நுனி ஊசி போலக் கூர்மையானது. இலைகளின் மேல் மெழுகு போன்ற பூச்சு உண்டு. அது நீர் ஆவியாகி வெளியேறுதலைத் தடுக்கின்றது. யுக்கா அலாய்போலியா என்னும் வகை, பகலில் தன் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து காற்றை உட்கொள்ளும் திறமும் உடையது. பருவம் வரும்போது இலைக்கொத்தின் நடுவிலிருந்து உயர்ந்த காம்பு ஒன்று எழும். அதில் மணி போன்ற வெண்ணிறப் பூக்கள் நூற்றுக்கணக்கில் தலைகவிழ்ந்து தொங்கும். அக்காட்சி கண்ணுக்கு இனியது. இதன் அழகினைப் போற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்தார் 1927-இல் யுக்காப் பூவைத் தம் மாநில மலராக ஏற்றனர். எல் சால்வடார் நாட்டில் 1995 முதல் இதன் ஒரு வகைப் பூவே தேசிய மலராக விளங்குகின்றது. அந்நாட்டார் அப்பூவைக் கண்டு மகிழ்வதோடு நில்லாது, முட்டையுடன் சேர்த்துச் சமைத்து உண்ணவும் செய்வர்.

அழகினும் இதன் பயன் பெரிது. அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வாழ்ந்த பழங்குடியினருக்கு யுக்கா ஒரு செல்வமாக இருந்தது. அவர்கள் இதன் இலைகளினின்று நார் எடுத்துக் கயிறு திரித்தனர்; பாய் முடைந்தனர்; காலுக்குச் செருப்பும் பின்னினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட யுக்கா நார்ச் செருப்புகள், அங்குள்ள வறண்ட குகைகளில் அழியாது கிடைத்துள்ளன. இலையின் கூரிய நுனியை நாரோடு சேர்த்து உரித்தால், ஊசியும் நூலும் ஒருங்கே கிடைத்துவிடும்! மட்பாண்டங்களில் ஓவியம் தீட்டுவோர் இலையின் முனையை மென்று தூரிகையாக்கினர். வேரை நசுக்கி நீரிலிட்டால் நுரை பொங்கும். நம் நாட்டுப் பூந்திக்கொட்டையில் நுரை தரும் பொருள் எதுவோ, அவ்வகைப் பொருளே இவ்வேரிலும் உள்ளது. நவகோ, ஹோப்பி முதலிய மக்கள் அந்நுரையால் தலைமுடியைக் கழுவினர். சடங்கு நாள்களில் இன்றும் அவ்வாறு செய்வர்.

இனி, இச்செடியை வளர்க்கும் முறையைக் காண்போம். தோட்டத்தில் வளர்ப்பதற்கு யுக்கா பிலமெண்டோசா என்னும் வகை ஏற்றது. இதன் இலை விளிம்புகளில் வெண்ணூல் போன்ற இழைகள் சுருண்டு தொங்கும். நீர் உறையும் கடுங்குளிரையும் இது தாங்கும். ஆதலின் ஐரோப்பியத் தோட்டங்களிலும் இதனைக் காணலாம். யுக்காவை நடுதற்கு நாள் முழுதும் வெயில் படும் இடத்தைத் தேர்தல் வேண்டும். தாழ்ந்து நீர் தேங்கும் இடம் ஆகாது. களிமண்ணாயின், மணலும் சரளையும் கலந்து மேடாக்கி நட வேண்டும். நட்ட முதலாண்டில் வேர் ஊன்றும் வரையில் அளவாக நீர் பாய்ச்சலாம். வேர் ஆழச் சென்றபின், நெடுங்கோடையில் அன்றி நீர் மிகுதியும் வேண்டுவதில்லை. கூரிய இலையுடைய வகைகளை, சிறுவர் ஓடியாடும் இடத்திலும் நடைபாதையின் ஓரத்திலும் வைத்தல் கூடாது. அவ்விலை நுனி கண்ணையும் ஊறு செய்யும். காய்ந்த இலைகளையும் பூத்து ஓய்ந்த காம்பையும் அகற்றும்போது, கைகளுக்குத் தடித்த உறை அணிந்துகொள்ளுதல் நன்று.

வீட்டினுள் வளர்ப்பதற்கு உரியது யுக்கா ஜைஜாண்டியா என்னும் வகை. இது மத்திய அமெரிக்காவிற்கும் மெக்சிகோவிற்கும் உரியது. இதன் இலை நுனி மென்மையானது. ஆதலின் அறையில் வைக்க அச்சமில்லை. பருத்த தண்டைத் துண்டு துண்டாக அறுத்து நட்டு, மேற்புறத்தில் தளிர்க்கச் செய்து, தொட்டிகளில் விற்பர். இதனை வாங்கி வருவோர் நான்கினை நினைவிற் கொள்ள வேண்டும். அவை ஒளி, நீர், மண், தொட்டி என்பன.

அறையில் ஒளி மிகுந்த சாளரத்தின் அருகே இதற்கு இடம் தருதல் வேண்டும். இருளில் வைத்த செடியின் இலைகள் மெலிந்து வெளுத்துத் தொங்கும். அறையினுள் நெடுங்காலம் இருந்த செடியை வெளியே வைக்க விரும்பின், ஒரே நாளில் கடும் வெயிலில் நிறுத்திவிடலாகாது. முதலில் நிழலிலும், பின்னர் இளவெயிலிலும், அதன்பின் முழு வெயிலிலுமாக, ஓரிரு வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். இன்றேல், இலைகள் வெந்து வெண்புள்ளிகள் படியும்.

அறையில் வளரும் யுக்காக்கள் பெரும்பாலும் நீரின்மையால் மடிவதில்லை. நீர் மிகுதியால் மடிகின்றன. இதுவே வளர்ப்போர் முதன்மையாக உணரத்தக்கது. தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். மேல் மண் இரண்டு அங்குல ஆழம் வரை காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளை வழியே வடியுமளவு ஊற்றி, கீழ்த் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். குளிர்காலத்தில் செடியின் வளர்ச்சி குன்றும். அக்காலத்தில் நீரையும் குறைத்தல் வேண்டும். நாள்தோறும் நீர் ஊற்றுவோரின் செடியில் வேர் அழுகும், கீழிலைகள் மஞ்சளாகும், தண்டு தொட்டால் மெத்தென்று அமுங்கும். அந்நிலையிலும் தண்டின் மேற்பகுதி உறுதியாக இருந்தால், அதனை வெட்டி மீண்டும் நட்டுக் காப்பாற்றுதல் கூடும்.

மண் எளிதில் நீர் வடிவதாக இருக்க வேண்டும். தோட்ட மண்ணோடு மணலைத் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். தொட்டியின் அடியில் துளை இன்றியமையாதது. செடி தலைகனத்து நிற்பதாகலின், எளிதில் சாயாத கனத்த மண் தொட்டி பொருந்தும். வேர்கள் தொட்டியை நிறைத்தபின், முன்னையதைவிடச் சிறிதே பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும். வளரும் பருவத்தில் மட்டும் நீர்த்த உரம் சிறிதளவு இடலாம். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் தோன்றினால், ஈரத்துணியால் துடைத்து அகற்ற வேண்டும். இச்செடியைத் தின்றால் நாய்க்கும் பூனைக்கும் நோய் உண்டாகும்; எனவே, அவை வளரும் வீட்டில் எட்டா இடத்தில் வைத்தல் நலம்.

ஒரு செடியைப் பலவாக்குதலும் எளிதே. அடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து நடலாம். தண்டைத் துண்டுகளாக்கி, வெட்டுவாய் உலரும் வரை சில நாள் நிழலில் வைத்திருந்து, பின்னர் மணல் கலந்த மண்ணில் ஊன்றலாம். ஊன்றும்போது தண்டின் அடிப்பக்கம் கீழாக இருத்தல் வேண்டும். விதையினின்றும் வளர்க்கலாம், ஆயின் அதற்குப் பொறுமை மிக வேண்டும்.

ஐரோப்பாவில் வளர்க்கப்படும் யுக்காக்கள் நன்கு பூத்தும் பெரும்பாலும் காய்ப்பதில்லை. இதற்குக் காரணம் யாது? அவற்றின் உற்ற துணை அங்கு இல்லாமையே. யுக்காவின் தாயகத்தில் சிறிய வெண்ணிற அந்துப்பூச்சி ஒன்று வாழ்கின்றது. 1872-ஆம் ஆண்டில் எங்கெல்மன் என்னும் செடிநூல் அறிஞரும், ரைலி என்னும் பூச்சிநூல் அறிஞரும் இதன் செயலைக் கண்டு வெளியிட்டனர். பெண்பூச்சி ஒரு பூவில் மகரந்தத்தைத் திரட்டிச் சிறு உருண்டையாக்கி, வாயருகே உள்ள உறுப்புகளால் தாங்கிக்கொண்டு, வேறொரு பூவிற்குப் பறந்து செல்லும். அங்குச் சூலகத்தினுள் முட்டையிட்டபின், மேலே ஏறிச் சென்று, தான் கொணர்ந்த மகரந்தத்தைச் சூல்முடியில் வைத்து அழுத்தும். பூ காயாகின்றது. முட்டையினின்று வெளிவரும் புழு விதைகளுள் சிலவற்றைத் தின்று வளர்கின்றது. எஞ்சிய விதைகள் முதிர்ந்து யுக்காவின் குலத்தைப் பெருக்குகின்றன. ஒரு பூவில் முட்டைகள் அளவிற்கு மிஞ்சினால், செடி அப்பூவையே உதிர்த்துவிடும். பூச்சியின் வழியும் அதனோடு அழியும். அளவறிந்து கொள்வோர்க்கே அங்கு வாழ்வு உண்டு. சார்லஸ் டார்வின் இச்செய்தியை அறிந்து பெரிதும் வியந்தார்.

யுக்கா இனத்துள் புகழ் மிக்கது, கலிபோர்னியா முதலிய மாநிலங்களில் பரவிய மொஹாவிப் பாலையில் ஓங்கி நிற்கும் யோசுவா மரம். இது 30 அடிக்கு மேலும் வளர வல்லது. ஆயினும், ஆண்டொன்றுக்குச் சில அங்குலமே உயரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகரத்தார் பலர் தம் தோட்டங்களை அழகு செய்யும் பொருட்டுப் பாலைச் செடிகளை வேரோடு பெயர்த்துச் சென்றனர். மினர்வா ஹோய்ட் என்னும் அம்மையார் இக்கொடுமை கண்டு மனம் வருந்தி, அந்நிலத்தைக் காக்க அயராது உழைத்தார். அதன் பயனாக 1936-இல் அங்குத் தேசியக் காப்பிடம் ஒன்று அமைந்தது. அது 1994-இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது.

எனினும், இடையூறு நீங்கிற்றில்லை. முற்காலத்தில் பாலைச் செடிகளுக்கு இடையே வெற்றிடம் மிகுதி. ஆகவே தீ எளிதில் பரவாது. வேற்று நாட்டுப் புல் வகைகள் வந்து அவ்வெற்றிடத்தை நிரப்பியபின், தீ ஓடுதற்கு வழி உண்டாயிற்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மின்னலால் மூண்ட தீ, மொஹாவிக் காப்பகத்தில் 43,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அதில் ஏறத்தாழ 13 இலட்சம் யோசுவா மரங்கள் மடிந்தன என்று கணக்கிட்டனர். பல தலைமுறையாக வளர்ந்த மரங்கள் சில நாள்களில் கரியாயின. அதன்பின், தொண்டர்கள் இளங்கன்றுகளைச் சுமந்து சென்று, அக்கருகிய நிலத்தில் நட்டனர். விலங்குகள் கடிக்காதவாறு கம்பிவலை கட்டி, நீரும் ஊற்றினர். 2023-இல் கலிபோர்னியா மாநிலம், இசைவின்றி மேற்கு யோசுவா மரத்தை வெட்டுதலையும் பெயர்த்தலையும் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது.

நட்டவர்கள் அக்கன்றுகள் பெருமரமாகி நிற்பதைக் காணப்போவதில்லை. அவை பூத்துக் காய்க்க வேண்டுமாயின், கன்று மட்டும் போதாது. அதன் துணையாகிய அந்துப்பூச்சியும் அங்கு வாழ்தல் வேண்டும். ஒன்றைக் காத்தலாவது அதனைச் சார்ந்தவற்றையும் காத்தலே என்பது இதனால் விளங்கும். வீட்டில் ஒரு யுக்காவை வளர்க்க விழைவோர், காட்டில் தானே வளர்ந்ததைப் பெயர்த்தெடாது, பண்ணையில் வளர்த்த கன்றையே வாங்குதல் வேண்டும். வாங்கிய கன்றிற்கு ஒளியை நிறையவும் நீரை அளவாகவும் அளித்தல் வேண்டும். வேண்டுவதை வேண்டுமளவு தருதலே உண்மையான பேணுதல் ஆகும்.