இந்தக் கல்லுக்கு வயது 5000 ஆண்டா?

மேசை மீது ஒரு கல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். ஆறேழு சென்டிமீட்டர் உயரம். வெளிப்புறம் சதுரம், நடுவில் மேலிருந்து கீழ்வரை வட்டமான துளை. நான்கு மூலைகளிலும் வட்டக் கண்களுடன் விசித்திரமான முகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் ஓர் அட்டை: ‘சீனா. லியாங்சு காலத்து ஜேடு. 5000 ஆண்டுப் பழமை. சேகரிப்போருக்கு அரிய வாய்ப்பு.’ விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்!

இந்த வடிவத்தைச் சீனர்கள் ‘சோங்’ என்பார்கள். ஏலக் கூடங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இப்படிப்பட்ட பொருள்கள் விற்பனைக்கு வருவதுண்டு. அவற்றில் உண்மையானவையும் உண்டு. நேற்றுப் பட்டறையிலிருந்து வந்தவையும் உண்டு. நம் மேசையில் இருப்பது எது? நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலையும் வேதியியலையும் கொண்டே இதில் நெடுந்தூரம் போக முடியும். வாருங்கள், பார்க்கலாம்.

முதலில், இது என்ன கல்?

ஜேடு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கனிமங்கள் வழங்கி வருகின்றன. ஒன்று நெஃப்ரைட், கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றின் சிலிகேட். மற்றொன்று ஜேடைட், சோடியம், அலுமினியம் ஆகியவற்றின் சிலிகேட். பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போல் இருக்கும். இரண்டும் வெவ்வேறு என்பதை 1863-ல் வேதியியல் பகுப்பாய்வின் மூலம் காட்டியவர் டமூர் என்ற பிரெஞ்சு அறிஞர்.

நமக்கு இந்த வேறுபாடு மிகவும் பயன்படும். பழங்காலச் சீனர்கள் கையாண்ட ஜேடு நெஃப்ரைட்தான். ஜேடைட் பர்மாவிலிருந்து சீனாவுக்குப் பெருமளவில் வரத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டில். ஆகவே மேசை மீதுள்ள கல் ஜேடைட் என்று தெரிந்தால், அட்டையில் உள்ள 5000 ஆண்டு அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது!

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆர்க்கிமிடீஸின் தத்துவம் நினைவிருக்கிறதா? கல்லை முதலில் காற்றில் நிறுங்கள். 590 கிராம் என்று கொள்வோம். பிறகு நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். தராசு 390 கிராம் காட்டுகிறது. குறைந்தது 200 கிராம். 590-ஐ 200-ஆல் வகுத்தால் 2.95. இதுதான் கல்லின் ஒப்படர்த்தி. நெஃப்ரைட்டுக்கு இது 2.9 முதல் 3.1 வரை இருக்கும். ஜேடைட்டுக்கு ஏறத்தாழ 3.3. ஜேடு என்று சொல்லி அடிக்கடி விற்கப்படும் செர்ப்பென்டைன் என்ற மென்மையான கல்லுக்கு ஏறத்தாழ 2.6. சாதாரணக் கண்ணாடியாக இருந்தாலும் இந்த எண் குறைந்தே வரும்; உருப்பெருக்கியில் உள்ளே சிறு காற்றுக் குமிழிகளும் தெரியலாம்.

நம் கல் நெஃப்ரைட் என்றே வைத்துக்கொள்வோம். முதல் தேர்வில் தேறிவிட்டது. ஆனால் கல்லின் வகை தெரிந்ததே தவிர வயது தெரியவில்லை. மலையில் கிடக்கும் நெஃப்ரைட் எல்லாமே பல கோடி ஆண்டுப் பழமை உடையதுதான். அதன்மேல் மனிதன் கைவைத்தது எப்போது என்பதுதான் கேள்வி.

செதுக்கியதா, தேய்த்ததா?

‘செதுக்கப்பட்ட ஜேடு’ என்று மேலே எழுதினேன். உண்மையில் அது தவறு. மரத்தையும் சுண்ணாம்புக் கல்லையும் உளியால் செதுக்கலாம், நெஃப்ரைட்டை முடியாது. மயிரினும் நுண்ணிய இழைகள் கம்பளிபோல் பின்னிக் கிடக்கும் கல் அது. உளி வைத்து அடித்தால் எளிதில் பிளவாது. பழங்காலத் தொழிலாளர்கள் அதை மணலால் தேய்த்தார்கள்.

மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில் நெஃப்ரைட்டின் எண் 6 முதல் 6.5 வரை. சாதாரண மணலில் உள்ள குவார்ட்சின் எண் 7. வேறுபாடு சிறிதுதான், ஆனால் அது போதும். கல்லின்மேல் ஈர மணலைப் போட்டு, ஒரு கயிற்றை இருபுறமும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தால் கல் மெல்ல மெல்ல அறுபடும். அறுப்பது கயிறன்று, மணல்! கயிறு வளைந்து கொடுப்பதால் அறுத்த பரப்பில் வில் போன்ற வளைந்த வரிகள் பதியும்.

துளை போடவும் இதே முறைதான். மூங்கில் போன்ற குழாயை மணலின் மேல் நிறுத்திச் சுழற்றுவார்கள். நடுவில் உருளை வடிவத் தண்டு ஒன்று எஞ்சும். அதையும் வீணாக்காமல் மணி செய்துகொள்வதுண்டு. நீளமான துளையை ஒரு பக்கமிருந்து போட்டால் கோணிவிடும் என்பதால் இரு பக்கமிருந்தும் போடுவார்கள். நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு படி தட்டும். நம் சோங்கின் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அந்தப் படி விரலில் படுகிறதா? துளை வாயருகே அகன்று உள்ளே போகப்போகச் சுருங்குகிறதா?

முகத்தில் உள்ள நுண்ணிய கோடுகள் இன்னும் சுவையானவை. லியாங்சு மக்களிடம் உலோகக் கருவிகள் இல்லை. கூரிய கல்முனையைக் கையில் பிடித்து, திரும்பத் திரும்பக் கீறித்தான் அந்தக் கோடுகளைப் போட்டார்கள். நன்றாகப் பெருக்கிப் பார்த்தால் ஒரு கோடு பல சிறு கீறல்களின் தொகுப்பாகத் தெரியும். பிற்காலத்தில் வந்த சுழலும் தட்டு வேறு விதமான தடத்தை விடும்: நடுவில் அகன்றும் இரு முனையிலும் குறுகியும் ஓடம்போல் இருக்கும். இன்றைய பட்டறைகளில் சுழலும் வைர முனையும் கார்போரண்டமும் வேலை செய்கின்றன. கார்போரண்டம் 1891-ல்தான் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் தடம் உள்ள பொருள் அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாதல்லவா?

லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் இத்தகைய தடங்களைச் சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து, அந்த அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்திருக்கிறார்கள். பொருளுக்கு எந்தச் சேதமும் இல்லை.

அடுத்து, கல்லின் மேற்பரப்பு. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த நெஃப்ரைட் வெளிறி வெண்மையாவதுண்டு. இதைப் போலியாகச் செய்பவர்கள் கல்லை நெருப்பில் சுடுகிறார்கள். கடும் வெப்பத்தில் நெஃப்ரைட் தன் படிக அமைப்பிலுள்ள நீரை இழந்து வேறு கனிமமாக மாறுகிறது. எக்ஸ் கதிர் ஆய்வு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே அவசரப்படக் கூடாது. லியாங்சு கல்லறைகளிலேயே நெருப்புப் பட்ட ஜேடுகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே சுட்டது என்பதாலேயே போலி என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

எல்லாத் தேர்விலும் தேறினால்?

இப்போது கூர்ந்து யோசியுங்கள். நம் கல் நெஃப்ரைட், துளையில் படி இருக்கிறது, கோடுகள் கையால் கீறியவை, பரப்பும் வெளிறியிருக்கிறது. அப்படியானால் 5000 ஆண்டு என்பது நிரூபணமாகிவிட்டதா?

இல்லை. கயிறும் மணலும் மூங்கிலும் இன்றும் கிடைக்கின்றன. பொறுமையுள்ள ஒருவன் பழைய முறையிலேயே ஒரு சோங் செய்யலாம். இந்தச் சோதனைகள் பொய்யைப் பொய் என்று காட்ட வல்லவை. மெய்யை மெய் என்று உறுதி செய்ய இவற்றால் மட்டும் ஆகாது. கார்பன் முறையால் காலம் கணிக்கலாமே என்று கேட்பீர்கள். அது ஒரு காலத்தில் உயிரோடிருந்த மரம், எலும்பு, தானியம் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். ஜேடு என்றுமே உயிரோடிருந்ததில்லை.

இதற்குச் சீன வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1735 முதல் 1796 வரை ஆண்ட சியான்லுங் பேரரசர் பழைய ஜேடுகளின் மேல் தீராத ஆசை கொண்டவர். அவரிடமிருந்த சோங்குகள் பல அசலானவை. ஆனால் அவை எந்த மண்ணிலிருந்து வந்தன என்பது எவருக்கும் தெரியாது. அவற்றை வண்டி அல்லது பல்லக்குத் தண்டின் முனையில் மாட்டிய பூண் என்று எண்ணினார். உள்ளே உலோகக் குவளை பொருத்திப் பூச்சாடியாகவும் ஆக்கினார். தாம் இயற்றிய பாடல்களை அவற்றின்மேல் பொறிக்கச் செய்தார். சிலவற்றில் முகங்கள் தலைகீழாக நிற்கப் பாட்டு நேராக இருக்கிறது! பேரரசரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்குப் பின் வந்த அறிஞர்களும் இவற்றை நெடுங்காலம் சௌ அரச வம்சத்துக்கோ அதற்குப் பிந்தைய காலத்துக்கோ உரியவை என்றே நம்பினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பிழை!

பிழை திருந்தியது மண்வெட்டியால். 1973-ல் ஜியாங்சு மாநிலத்தில் சாவோசியேஷான் என்னும் இடத்தில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, லியாங்சு காலத்துக் கல்லறை ஒன்றில் அந்தக் காலத்துப் பானைகளோடு சேர்ந்து ஜேடு சோங்கும் கிடந்தது. லியாங்சு பண்பாட்டு இடங்களில் கிடைத்த கரித்துண்டு போன்றவற்றைக் கார்பன் முறையில் ஆராய்ந்து, அதன் காலம் கி.மு. 3300 முதல் 2300 வரை என்று கணித்திருக்கிறார்கள். ஜேடால் சொல்ல முடியாத வயதை அதன் அண்டை அயல் சொல்லிவிட்டது.

1986-ல் ஹாங்சௌ நகருக்கு அருகே ஃபான்ஷான் மேட்டில் 12-ஆம் எண் கல்லறை திறக்கப்பட்டது. அதில் 600-க்கும் மேற்பட்ட ஜேடுப் பொருள்கள்! அவற்றுள் ஒரு சோங் 6.5 கிலோகிராம் எடை, 8.9 சென்டிமீட்டர் உயரம். அதில் மனிதமுகமும் விலங்கு முகமும் சேர்ந்த உருவத்தைக் கண்ணுக்கெட்டா நுண்மையில் கீறியிருக்கிறார்கள். எந்தக் கல்லறை, எந்த மூலை, பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளன. ஒருவரோடு இத்தனை ஜேடு புதைக்கப்பட்டதைக் கொண்டுதான் அந்தச் சமூகத்தில் பெரும் தலைவர்கள் இருந்தார்கள் என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள்.

நம் மேசை மீதுள்ள சோங்கும் அப்படியொரு கல்லறையிலிருந்து இரவோடு இரவாகத் தோண்டி எடுக்கப்பட்டதாக இருக்கலாம். அப்போது உடன் இருந்த பானையோடுகளையும் கரித்துண்டுகளையும் திருடன் என்ன செய்திருப்பான்? விலைபோகாத குப்பை என்று வீசியிருப்பான். அட்டையில் ‘5000 ஆண்டு’ என்று எழுதியிருக்கிறதே, அதை மெய்ப்பிக்கக்கூடிய சான்று அந்தக் குப்பையில்தான் இருந்தது.