பம்ப் தொழிற்சாலைக்கு எந்தத் திட்டமிடல் முறை பொருந்தும்?

கோடை சீசன் நெருங்கும்போது கோவைப் பக்கத்துப் பம்ப் தொழிற்சாலைகளில் இரண்டு தொல்லைகள் சேர்ந்தே வரும். ஸ்டோர்ஸில் கேஸிங் வார்ப்பு குவிந்து கிடக்கும். மெக்கானிக்கல் சீல் வராமல் அசெம்பிளி நின்றுபோகும். பணமும் முடங்குகிறது, டெலிவரியும் தள்ளிப்போகிறது. இந்த நெருக்கடியில் முதலாளிகள் உடனே சாஃப்ட்வேர் விற்பவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு: எந்தப் பாகத்தை எந்த முறையில் திட்டமிடுவது? எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்று தொடங்கும் இடங்களில்தான் காசும் உழைப்பும் வீணாவதைப் பார்க்கிறோம்.

போல்ட், வாஷர், கிரீஸ், பெயின்ட் போன்றவற்றுக்குக் கணினியே தேவையில்லை. இரண்டு டப்பா வைத்து, ஒன்று காலியானதும் அதிலுள்ள அட்டையை பர்ச்சேஸுக்கு அனுப்பினால் போதும். டொயோட்டா வளர்த்தெடுத்த கான்பான் முறையின் எளிய வடிவம் இது. எல்லா மாடலுக்கும் பொதுவான, சீராகச் செலவாகும் பேரிங்குக்கு 'இவ்வளவுக்குக் கீழே போனால் வாங்கு' என்ற மறு ஆர்டர் அளவு சரியாக இருக்கும்.

இம்பெல்லர், ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஸ்டாம்பிங், காப்பர் வயர் ஆகியவற்றின் கதை வேறு. இவற்றைத் தனியாக யாரும் கேட்பதில்லை. எத்தனை பம்ப், எந்த வாரம் என்பதைப் பொறுத்தே தேவை எழுகிறது. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஜோசப் ஆர்லிக்கி அழுத்திச் சொன்னது இதைத்தான். எம்.ஆர்.பி. எனப்படும் மூலப்பொருள் தேவைத் திட்டமிடலை 1964-ல் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் கையாளத் தொடங்கியது. ஆர்லிக்கியின் புத்தகம் 1975-ல் வந்தது. சார்ந்து எழும் தேவையை ஊகிக்க வேண்டாம், கணக்கிட்டுவிடலாம் என்பதே அதன் உயிர்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 8-ஆவது வாரம் 100 மோனோபிளாக் பம்ப் அசெம்பிளிக்கு இம்பெல்லர் வேண்டும். கடைந்து முடித்த இம்பெல்லர் 40 இருக்கிறது. ஏற்கெனவே ஆர்டர் போட்டதில் 25 வர வேண்டும். மிச்சத் தேவை 35. வார்ப்பில் புளோ ஹோல் என்ற காற்றோட்டை இருப்பது பெரும்பாலும் லேத்தில் ஏற்றிய பிறகுதான் தெரியும். உங்கள் ரிஜெக்‌ஷன் 10 சதவீதம் என்றால் 39 வார்ப்பு கேட்க வேண்டும். கடைசலுக்கு ஒரு வாரம், பவுண்டரிக்கு இரண்டு வாரம். ஆக, 5-ஆவது வாரத்திலேயே ஆர்டர் போயிருக்க வேண்டும். எம்.ஆர்.பி. செய்வது இவ்வளவுதான். ஆனால் நூற்றுக்கணக்கான பாகங்களுக்கு, ஆர்டர் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பப் போட மனிதரால் முடியாது.

இந்தக் கணக்கு முழுக்க நம்பியிருப்பது இருப்புப் பதிவையும் பாகப் பட்டியலையும். ஒரு பம்புக்குப் பத்துப் பாகம், ஒவ்வொன்றின் இருப்பும் சரியாக இருக்க 95 சதவீத வாய்ப்பு என்றால், பத்தும் ஒருசேரச் சரியாக இருக்கும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். 80 சதவீதத் துல்லியத்தில் அது 11-க்கு இறங்கிவிடும். பட்டியலில் மோட்டாருக்கு 2.4 கிலோ வயர் என்று எழுதியிருக்க, வைண்டிங்கில் 2.6 கிலோ போகிறது என்றால் 500 மோட்டாரில் 100 கிலோ காப்பர் குறையும். இதை எந்த சாஃப்ட்வேரும் கண்டுபிடித்துச் சொல்லாது. வைண்டிங் செய்பவரைக் கேட்டால் உடனே தெரியும். தயவுசெய்து அவரைக் கேளுங்கள்.

இனி சாஃப்ட்வேர். நாலைந்து மாடல், திட்டமிட ஒரே ஆள் என்றால் எக்செல் போதும். இரண்டு பேர் தனித்தனிக் கோப்பு வைத்துக்கொண்டால் அன்றே குழப்பம். டாலி பிரைம் கணக்குக்கும் ஜி.எஸ்.டி.க்கும் பாகப் பட்டியலுக்கும் உதவும். எந்த வாரம் எது எவ்வளவு என்று காலவாரியாகப் பிரித்துத் தருவதற்காக அது உருவானதல்ல. மும்பையில் உருவான இ.ஆர்.பி. நெக்ஸ்ட்டுக்கு உரிமக் கட்டணம் இல்லை. சர்வருக்கும் நிறுவித் தருபவருக்கும் செலவு உண்டு. பெல்ஜியத்தின் ஓடூவில் இலவசப் பதிப்பும் இருக்கிறது, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டும் பதிப்பும் இருக்கிறது. எஸ்.ஏ.பி. பிசினஸ் ஒன் பல கிளை, கடுமையான தணிக்கை உள்ள இடத்துக்குத் தகும். ஒரே ஷெட்டில் ஓடும் தொழிலுக்கு அந்தச் செலவு அதிகம் என்பது என் கருத்து. ஐம்பது பேர் வேலை செய்யும் பம்ப் கம்பெனிக்கு, பக்கத்திலேயே ஆள் கிடைத்தால், இ.ஆர்.பி. நெக்ஸ்ட்டைத்தான் சொல்வேன்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனை வையுங்கள். நம் ஊரில் பாதிச் சரக்கு ஜாப் ஒர்க்கில்தான் இருக்கிறது. டி.சி. (டெலிவரி சலான்) போட்டு லேத் பட்டறைக்கு அனுப்பிய வார்ப்பு நம் இருப்பில் தனி இடமாகத் தெரிகிறதா என்று டெமோவிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த சாஃப்ட்வேர் வேண்டாம்.

நடைமுறைப்படுத்தும்போது ஒரே ஒரு மாடலில் தொடங்குங்கள். லீட் டைமை சப்ளையர் வாய்ச்சொல்லை வைத்து எழுதாதீர்கள். ஆறு மாத ஜி.ஆர்.என்.களை (சரக்கு வரவுச் சீட்டுகளை) எடுத்து, ஆர்டர் தேதிக்கும் சரக்கு வந்த தேதிக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். விலை கூடிய பாகங்களை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணுங்கள். மார்ச் மாத ஸ்டாக் டேக்கிங்கை நம்பியிருக்க வேண்டாம். சனிக்கிழமைதோறும், கணினி சொன்ன பற்றாக்குறையையும் உண்மையில் அசெம்பிளியை நிறுத்திய பாகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகே அடுத்த மாடல்.

கடைசியாக, அடுத்து வரும் இரண்டு வார உற்பத்தி அட்டவணையை யாரும் தொடக்கூடாது என்று விதி வையுங்கள். டீலர் அவசரப்படுத்துகிறார் என்று போனில் சொல்லி வரிசையை மாற்றும் பழக்கம் முதலாளியிடமிருந்தே முதலில் போக வேண்டும். நடுவில் ஓர் ஆர்டரை நுழைத்தே ஆக வேண்டுமென்றால், அதற்காக எந்த ஆர்டர் பின்னால் போகிறது என்பதையும் விற்பனைப் பிரிவு எழுத்தில் தரட்டும்.