விலை போடக் கூடாத சரக்கு

நம் கடையில் பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கூட ஆறு மாதம் கெடு உண்டு. இரத்த வங்கியின் குளிர்பெட்டியில் இருக்கும் சிவப்பணுக்களுக்கு 35 முதல் 42 நாள்தான். தட்டணுக்களுக்கோ ஐந்தே நாள். பழைய சரக்கை முன்னே வைத்துப் புதியதைப் பின்னே அடுக்கும் நம் வழக்கமே அங்கும் நடக்கிறது.

இரத்தப் பிரிவுகளை 1901இல் கண்டறிந்தவர் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர். ஆனால் எடுத்த இரத்தம் சற்று நேரத்தில் உறைந்துவிடும். சிட்ரேட் உப்பு சேர்த்து உறையாமல் காத்து ஏற்றும் முறை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது. 1917இல் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், தோட்டாப் பெட்டிகளில் பனிக்கட்டியும் மரத்தூளும் நிரப்பி, அதில் இரத்த பாட்டில்களை வைத்துப் போர்முனைக்குக் கொண்டுபோனார். மீன் வியாபாரிக்கு இது புதிதல்ல! 1937இல் சிகாகோ அரசு மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபாண்டஸ் என்ற மருத்துவர், போட்டுவைத்து எடுக்கும் இடம் என்ற பொருளில் "இரத்த வங்கி" என்று பெயர் வைத்தார்.

வங்கி என்றதும் விலையும் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் பல ஆண்டுகள் பணத்துக்கு இரத்தம் கொடுப்பவர்களை நம்பியே காலம் ஓடிற்று. இதில் உள்ள கேட்டை வணிகர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். காசுக்கு வருபவன் தன் நோயை மறைப்பான்; ஆறவேண்டிய மூன்று மாதம் ஆறாமல் மறுபடியும் வருவான். அவன் கொடுப்பது நீர்த்துப்போன இரத்தம். சும்மா கொடுப்பவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? விலை வைத்த இடத்தில்தான் கலப்படம் நுழைந்தது.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரின் பரிசோதனையில் வெளிப்பட்டது. நாடு விழித்தது. 1018 இரத்த வங்கிகளில் 616 உரிமம் இல்லாதவை என்ற செய்தி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. "காமன் காஸ்" அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பையொட்டி, 1998 ஜனவரி முதல் பணத்துக்கு இரத்தம் பெறுவது தடை செய்யப்பட்டது. இப்போது ரசீதில் காணும் தொகை பரிசோதனைக்கும் பதப்படுத்தலுக்கும்தான்; இரத்தத்துக்கு விலை இல்லை.

விலை இல்லாத சரக்குக்கு வரத்து எங்கிருந்து? திண்டிவனத்தில் திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகள் பிரிகின்றன. நள்ளிரவில் லாரி மோதி அடிபட்டவரை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கொண்டுபோனால், அங்கே இரத்தம் முன்கூட்டியே இருப்பில் இருக்கவேண்டும். பிரசவத்தில் உதிரப்போக்கு கண்ட தாய்க்கும் அப்படியே.

முகாம்களுக்குக் கைகொடுப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். மே மாதம் கல்லூரிகள் பூட்டிக்கிடக்கும். நம் கடைகள் திறந்திருக்கும். சங்க ஆண்டு விழாவில் ஒரே நாளில் நூறு பை கொடுத்தால் அத்தனைக்கும் ஒரே சமயத்தில் கெடு முடியும். ஆகவே கடைவீதியைத் தெருவாரியாகப் பிரித்து, இரத்த வங்கியைக் கேட்டுக்கொண்டு, கோடையில் வாரம் ஒரு தெருவாக அனுப்புவதே சரியான முறை.

வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. கொடுத்துவிட்டு வரும் ஊழியரை அன்று மூட்டை தூக்கச் சொல்லாமல், பில் போட உட்கார வையுங்கள்.