சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோகும்போது

பள்ளிவாசல்துறையில் மீன் லொறி ஓட்டுபவருக்கு அனுமதிப்பத்திரமே சோறு. குடித்துவிட்டு ஓட்டுவது 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 151ஆம் பிரிவின்படி குற்றம். பொலிஸார் பத்திரத்தை வாங்கி வைத்தாலும், அதை இடைநிறுத்துபவர் நீதவானே. ஆகவே:

1. சோதனைக்கு மறுக்காதீர்கள், மறுப்பு உங்களுக்கு எதிராகவே பேசும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. குடிக்காதவர், "தண்டப்பணத்தோடு முடியட்டும்" என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூடாது. மேன்முறையீட்டு வழி அடைபடும். குடித்தவர் ஒப்புக்கொண்டு, தடைக்காலத்தைக் குறைக்கும்படி குடும்ப நிலையை எடுத்துரைக்கலாம்.

3. தீர்ப்பு தவறெனில் 14 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யவேண்டும். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சிந்திக்க: மேன்முறையீடு பத்திரத்தை மீட்கலாம், வீதியில் போன உயிரை எது மீட்கும்?