வானத்துக் கண்ணும் நூலாகிய கண்ணும்

திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தைத் தொடங்குமிடத்து, அரசனுக்கு ஒற்றும் புகழமைந்த நூலுமே இரண்டு கண்கள் என்று கூறுகின்றார். நூல் என்றது நீதிநூலை என்பது பரிமேலழகர் உரை. நாட்டில் நிகழ்வது இன்னதென்று ஒற்றினால் விளங்கும். அது குறித்துச் செய்யத்தக்கது இன்னதென்று நூலினால் விளங்கும். ஒரு கண்ணைத் திறந்து மற்றதை மூடிக்கொண்ட அரசு நேரே நடத்தல் அரிது. இக்காலத்திலோ ஒற்றுக்கு இறகு முளைத்திருக்கின்றது. காவல்துறையினர் ட்ரோன் என்னும் ஆளில்லா விமானங்களை வாங்கி, வானத்தினின்று நாட்டை நோக்குகின்றனர். அக்கண்ணுக்குத் துணையாகத் தக்க நூற்கண் நம்மிடம் உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருளாம்.

ட்ரோனாவது, தன்னுள் ஆளின்றி, நிலத்தில் நிற்பவர் செலுத்தவோ முன்னரே வகுத்த வழியிலோ பறக்கும் ஊர்தி. 2021 ஆகஸ்டு 25-ஆம் நாள் இந்திய அரசு வெளியிட்ட விதிகள், 250 கிராமுக்கு மேற்படாத நானோ முதல் 150 கிலோவுக்கு மேற்பட்ட பேரூர்தி வரை, எடை நோக்கி அதனை ஐவகைப்படுத்துகின்றன. சென்னை மாநகரக் காவல்துறை 2023 ஜூன் மாதத்தில் ரூ. 3.6 கோடிச் செலவில் அடையாற்றில் ட்ரோன் பிரிவொன்றை நிறுவிற்று. அப்பிரிவுக்கு விரைந்து சென்று நோக்குவன 6, பாரந் தூக்குவது 1, நெடுந்தூரம் செல்வன 2, ஆக 9 ஊர்திகள் வாங்கப்பட்டன. தலைநகரில் தொடங்கியது பிற மாவட்டங்களுக்கும் பரவுதல் இயல்பே.

இக்கருவியின் பயனை நாம் மறுப்போமல்லேம். கடலலையிற் சிக்கினவரைக் கண்டறிதற்கும், சிராவயல் மஞ்சுவிரட்டுப் போன்ற பெருங்கூட்டத்தில் நெரிசல் நேராமற் காத்தற்கும் இது பெரிதும் உதவும். காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், உரிமையாளர் வெளியூரில் வாழப் பூட்டிக்கிடக்கும் பெருவீடுகள் பல. அவற்றைத் திருடரினின்று காத்தற்கும் வானத்துக் கண் வேண்டுவதே.

ஆயினும் அவ்வீடுகளின் அமைப்பையே சிறிது நோக்குவோம். தெருவை நோக்கிய முகப்பையும் பட்டாலையையும் கடந்து உட்சென்றால், வானம் பார்த்த முற்றத்தோடு கூடிய வளவு விளங்கும். அங்கே வற்றல் உலர்த்துவர், தலை ஆற்றுவர், குடும்பத்துக்குள் மட்டும் பேசத்தக்கவற்றைப் பேசுவர். உயர்ந்த மதில் தெருவிற் செல்வார் கண்ணைத் தடுக்கும். வானத்துக்குக் கண் உண்டென்று அதனைக் கட்டிய கொத்தனார் எண்ணியிரார். பூட்டிய வீட்டைக் காக்கப் பறக்கும் ட்ரோன், பக்கத்து வீட்டு வளவையும் அதே படத்தில் எடுத்துக்கொள்ளும். எனவே, பறக்கலாமா என்னும் வினாவோடு நாம் அமைதல் கூடாது. எடுத்த படம் எங்கே போகின்றது, எத்தனை நாள் இருக்கின்றது, அதனை யார் பார்க்கின்றனர் என்று கேட்டல் வேண்டும்.

இதற்குச் சட்டம் கூறுவது யாது? 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், புட்டசாமி வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்த்தனர். அரசு அவ்வுரிமையிற் கைவைக்க வேண்டின், அதற்கொரு சட்டம் வேண்டும். நேரிய நோக்கம் வேண்டும். கைக்கொள்ளும் வழி அந்நோக்கத்தின் அளவை மீறாதிருத்தல் வேண்டும். ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்றத்தைத் தடுத்தற்கும் துப்பறிதற்கும் கையாளும் தரவுகளை அதன் பெரும்பாலான கட்டுப்பாடுகளினின்று விலக்கிவிடுகின்றது. பாதுகாப்பாய் வைக்கவேண்டும் என்னும் கடமையே முதன்மையாய் எஞ்சுகின்றது. 2021-ன் ட்ரோன் விதிகளோ பெரும்பாலும் ஊர்தியின் பதிவு, செலுத்துவோர் தகுதி, பறக்கத்தகும் வான்வெளி ஆகியவற்றைப் பற்றியன. ஊர்திக்கு விதி உண்டு. ஊர்தி கொணரும் படத்துக்கு விதி மெலிந்துள்ளது.

இனி, வாங்குதலைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசு வாங்கும் பொருள்களுக்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் உண்டு. அது நன்றே, எனினும் அச்சட்டம் விலை நேர்மையானதா, போட்டி முறையாய் நடந்ததா என்று கேட்குமேயன்றி, இக்கருவி வேண்டுமா, எதற்கு வேண்டும் என்று கேளாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021-ல் இயற்றிய சட்டமொன்று, ட்ரோன் முதலிய கருவிகளைக் காவலர் வாங்குமுன், அவற்றின் பயனையும் செலவையும் பயன்படுத்தும் நெறியையும் எழுதி வெளியிட்டு, மக்கள் பிரதிநிதிகளின் பொதுக்கூட்டத்தில் இசைவு பெறவேண்டும் என்று விதித்தது. வாங்கிய பின் ஆண்டுதோறும் அறிக்கையும் தரவேண்டும். வாங்குமுன் கேட்கும் வினாவுக்கு உள்ள வலிமை, வாங்கிய பின் கேட்பதற்கு இல்லையன்றோ?

வாங்குதலினும் அரியது பதிவுகளைச் சேமித்துக் காத்தல். இங்கே தீங்கு இருபுறமும் உண்டு. மிகுதியாய்ச் சேர்த்துவைத்தல் ஒன்று. காலத்துக்கு முன் அழித்துவிடுதல் மற்றொன்று. இரண்டையும் தமிழ்நாடு கண்டுவிட்டது. 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளம் காவல்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் பின்னர் இறந்தபொழுது, ஆங்குச் சென்று விசாரித்த நீதித்துறை நடுவர், கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்தன என்று உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். பதிவைத் தாங்கும் வட்டில் இடம் போதிய அளவு இருந்தது. வேண்டிய நாளின் படம் மட்டும் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம், காவல்நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதமும், அதற்கு வசதியில்லையேல் ஓராண்டுக்குக் குறையாமலும் வைத்திருத்தல் வேண்டும் என்று ஆணையிட்டது.

மறுபுறத் தீங்கு 2024 மே மாதத்தில் வெளிப்பட்டது. தமிழ்நாடு காவல்துறையின் முகமறி மென்பொருள் தளத்தில் அயலார் இணையவழி நுழைந்த செய்தி அப்பொழுது வெளிவந்தது. சேர்த்துவைத்தது எதுவோ அதுவே களவு போகும். சேராதது களவு போகாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் காவலர் 2020-ல் விமானங்களைக்கொண்டு நகரத்தைப் படமெடுத்து, அப்படங்களை 45 நாள் வைத்திருந்தனர். 2021 ஜூன் 24-ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு மாறானது என்றது. படத்தில் ஒருவர் ஒரு புள்ளியாகவே தோன்றினும், பலநாட் புள்ளிகளை இணைத்தால் அவர் எங்கே உறங்குகின்றார், எங்கே வழிபடுகின்றார், யாரைக் காணச் செல்கின்றார் என்பதெல்லாம் வெளியாகும் என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து.

எனவே நாம் வேண்டுவன யாவை? காவல் என்பது நம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலைச் சார்ந்தது. ஆதலின் இதற்குரிய நூலைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே இயற்றலாம். அந்நூலில் ஐந்து விதிகள் இடம்பெறுதல் தகும். முதலாவது, ட்ரோன் வாங்குமுன் நோக்கமும் விலையும் பதிவுகள் தங்கும் இடமும் தமிழில் வெளியிடப்படுக. இரண்டாவது, ஒவ்வொரு பறத்தலும் யார் ஆணையால், எங்கே, எதன்பொருட்டு நிகழ்ந்தது என்று குறிக்கப்படுக. மூன்றாவது, வழக்கொன்றும் சாராத படம் 30 நாளில் அழிக்கப்படுக. வழக்கையோ காவலர்மேல் எழுந்த புகாரையோ சார்ந்த படம், அது முடியும்வரை எவராலும் அழிக்கவொண்ணாதபடி பூட்டப்படுக. நான்காவது, படத்தைத் திறந்துபார்ப்பவர் பெயரும் நேரமும் தாமே பதிவாகுக. விற்ற நிறுவனத்திடம் படி எதுவும் தங்காதிருக்க. ஐந்தாவது, காவல்துறையைச் சாராத ஒருவர் ஆண்டுதோறும் இவற்றைத் தணிக்கை செய்து சட்டமன்றத்துக்கு அறிக்கை தருக.

இவ்வாறு விதித்தால் குற்றவாளிகள் விழித்துக்கொள்வர் என்பாரும் உளர். நாம் வெளியிடச் சொல்வது நெறியையே. நாளைப் பறக்கும் நேரத்தையும் வழியையும் அன்று. காவலரை ஐயுறுதல் முறையோ என்று வினவுவார்க்குச் செட்டிநாடே விடை கூறும். கடல்கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற நகரத்தார், தம் ஏஜெண்டுகளை நம்பியே பெருமுதலை ஒப்படைத்தனர். ஆயினும் பேரேடு எழுதாமலும் ஐந்தொகை பாராமலும் விட்டாரல்லர். கணக்குக் கேட்டதனால் நம்பிக்கை குன்றவில்லை. கணக்கு இருந்தமையாலேயே அது தலைமுறைகள் கடந்து நின்றது. செவ்வனே காத்த பதிவு நேர்மையுள்ள காவலருக்கும் நீதிமன்றத்தில் உறுதியான சான்றாகும்.

ஒற்றினால் ஆராயப்படுவோரை வரிசைப்படுத்தும் வள்ளுவர், அரசன் தொழிலைச் செய்வாரையே முதற்கண் வைத்தார். சுற்றத்தாரும் பகைவரும் அதன் பின்னரே வருகின்றனர். அவர் ஒற்றாடலுக்கு முன் வைத்த அதிகாரம் கண்ணோட்டம் என்பதையும் நாம் மறவாதிருப்போமாக. வானத்தினின்று நோக்கும் கண்ணுக்கு இரக்கம் தானே வாராது. அதனை நூலில் எழுதிவைத்தல் மக்கள் கடன்.