நாள் பார்க்காமல் விதையுங்கள்

வீட்டில் கீரை வளர்க்க வேண்டுமென்று அபிப்பிராயம் கொண்டவர்களில் பலர், நல்ல தொட்டியும் செம்மண்ணும் தோட்டக்கலை ஞானமும் ஒருங்கே வாய்க்கும் சுபதினத்தை எதிர்நோக்கிக் காலத்தைப் போக்குகிறார்கள். அந்த ஞானமோ விதைத்த பின்னரே சித்திப்பது. ஆகையால் இன்றே செய்யத்தக்கவை:

1. சமையலறையிலுள்ள வெந்தயத்தில் ஒரு பிடி எடுத்து இன்றிரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஊறிவிட்ட விதையைக் காலையில் விதைக்காமல் விட மனம் வராது என்பதே இதிலுள்ள சூட்சுமம்.

2. தொட்டி இல்லையே என்று தயங்காமல், பழைய வாளியோ எண்ணெய் டின்னோ எதுவாயினும் அடியில் நீர் வடிய நாலைந்து துளையிட்டு, மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, விதையைத் தூவி மெல்லிதாக மண் மூடி, நீரைக் கையால் தெளியுங்கள்; குடத்தோடு கவிழ்த்தலாகாது.

3. ஐந்தாறு நாட்களுக்குள் முளை தலைகாட்டும். 25 நாட்கள் அளவில் கீரை பறிக்கலாம். கோடையாயின் உச்சிவெயில் படாத இடமே உத்தமம்.

4. முதல் விதைப்பு வாடிப்போனால், நீர் மிகுந்ததா, வெயில் தகித்ததா என்று ஆராய்ந்து, அந்த வாரமே மறுபடி தூவுங்கள். ஒரு பிடி வெந்தயத்துக்கு மேல் நஷ்டமில்லை.

5. ஆய்ந்தபின் குப்பைக்குப் போகும் புதினாத் தண்டுகளை ஒரு தம்ளர் நீரில் நிறுத்தி வைத்தால், சில நாட்களில் வேர்விட்டு அடுத்த டின்னுக்குச் சித்தமாகும்.

வரவு செலவுக் கணக்கு எழுதுவதாயினும், காலையில் நடை பழகுவதாயினும் விதி இதுவே: முதற்காரியத்தை இன்றைக்கே முடியுமளவுக்குச் சிறிதாக்கிக் கொள்ளுங்கள்.